விடையாக வரும் எண் எவ்வளவு பெரியது?

கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் மெக்கானிக்கல் மாணவர்களிடம் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் கம்பியில் எவ்வளவு எடையைத் தொங்கவிடலாம்? பெரும்பாலானவர்கள் சூத்திரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் உத்தேசமாக ஓர் எடை சொல்லச் சொன்னால் தயங்குகிறார்கள். ஐம்பது கிலோ என்பவரும் உண்டு, ஐம்பது டன் என்பவரும் உண்டு.

கணக்கு எளிது. கம்பியின் குறுக்குப் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். மைல்டு ஸ்டீல் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 250 நியூட்டன் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டு டன். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கம்பி இரண்டு சின்ன கார்களைத் தாங்கும்! அதற்காக இரண்டு டன்னையும் யாரும் தொங்கவிட மாட்டார்கள். பாதுகாப்புக் காரணி நான்கு என்று வைத்தால் அரை டன்னோடு நிறுத்த வேண்டும். இந்த அளவு ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், தேர்வில் போல்ட்டின் விட்டம் 400 மில்லிமீட்டர் என்று வரும்போது கை தானாக நின்றுவிடும். நான்கு வருடப் படிப்பில் நான் பெற்றதிலேயே பெரியது இந்த அளவறிவுதான். இது பாடத்திட்டத்தில் தனிப் பாடமாக இல்லை, நாமாகத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்த்துக்கொள்ளும் வழி, படிப்பதை ஏற்கெனவே பார்த்த பொருளோடு கட்டிவைப்பது. எங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றுக்குள்ளேயே, பாதி ஆழத்தில் பக்கவாட்டில் ஒரு திட்டு கட்டி அதன்மேல் மோட்டார் வைத்திருப்பார்கள். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கயிறு கட்டிக் கீழே இறக்குவார்கள். ஏன் என்று கேட்டால், “மேலே வெச்சா இழுக்காது கண்ணு” என்பார் அப்பா. இரண்டாம் ஆண்டு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில்தான் காரணம் விளங்கியது. பம்ப் தண்ணீரை இழுப்பதே இல்லை. இம்பெல்லர் சுழன்று தன் நடுவில் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்றுதான் அதைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. காற்றழுத்தத்தால் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீட்டர்தான் ஏற்ற முடியும். குழாய் உராய்வு, ஃபுட் வால்வு இழப்பு எல்லாம் போக நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர் கிடைத்தாலே நல்லது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் போட்டாலும் இந்த எல்லை மாறாது.

அந்த எல்லையை நெருங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்துக் குமிழியாகிறது. அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் அந்தக் குமிழிகள் உடைகின்றன. பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் வரும். அப்படி ஓடிய ஒரு வெண்கல இம்பெல்லரைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தபோது, தகடுகள் தொடங்கும் இடத்தில் பொடிப்பொடியாகக் குழி விழுந்திருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு தெரிந்தது. இந்தக் கேவிட்டேஷன் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் இன்றும் அந்தச் சொரசொரப்பிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஒர்க் ஷாப்பைப் பொழுதுபோக்காக நினைக்காதீர்கள். அரத்தால் ராவி ராவி ஓர் இரும்புத் தகட்டின் விளிம்பை நேராக்கி, மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் இடுக்கில் ஒளி கசியும். சமதளம் எவ்வளவு அரிய விஷயம் என்பது அப்போதுதான் உறைக்கும். லேத்தில் நிற்கும்போது இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். முழுக்கைச் சட்டை, மோதிரம், கழுத்துச் சங்கிலி கூடாது. சக் கீயைக் கழற்றாமல் மோட்டாரைப் போடவே கூடாது. லேப் டெக்னீஷியன் அண்ணன்களோடு நட்பாக இருங்கள். பேராசிரியர் சொல்லாத பலவற்றை அவர்கள் கையால் செய்து காட்டுவார்கள்.

அடுத்தது டிராயிங். சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் கையால் ஸ்கெட்ச் போடத் தெரிந்த பிறகு. ஒரு துளையும் அதில் ஓடும் ஷாஃப்டும் 25 எச்7/ஜி6 என்று குறிக்கப்பட்டிருந்தால், இரண்டுக்கும் இடையே குறைந்தது 7 மைக்ரான், அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி இருக்கும். நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு பத்து டிகிரி சூடானாலே ஏறக்குறைய 12 மைக்ரான் நீண்டுவிடும். அளவெடுக்கும் அறையை 20 டிகிரியில் வைத்திருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? இதை உணர்ந்த மாணவன் டாலரன்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கிப் போட மாட்டான். இறுக்க இறுக்க விலை ஏறும், ரிஜெக்ஷனும் ஏறும்.

தேர்வைப் பொறுத்தவரை, இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தால் அது ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், டைனமிக்ஸ், மெஷின் டிசைன் என்று துரத்திக்கொண்டே வரும். எந்தக் கணக்கானாலும் விசைகளைக் குறித்த படத்தை முதலில் போடுங்கள். தெர்மோ என்றால் டி-எஸ் படம். தேர்வுக்கூடத்தில் அனுமதிக்கும் பி.எஸ்.ஜி. டேட்டா புக்கை செமஸ்டர் முழுக்கப் பக்கத்திலேயே வைத்துப் பழகுங்கள். தேர்வன்று புரட்டித் தேடினால் நேரம் போய்விடும்.

தமிழ் வழியில் பள்ளி முடித்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் மெக்கானிக்கலையும் சிவிலையும் தமிழ் வழியிலேயே தொடங்கியது. ஆங்கில வழியில் சேர்ந்திருந்தாலும், பாடத்தைத் தமிழில் யோசிப்பதில் எந்தக் குறையும் இல்லை. எங்கள் விடுதி அறையில் என்ட்ரோப்பியை மணிக்கணக்கில் தமிழில்தான் சண்டை போட்டுப் புரிந்துகொண்டோம். புரிந்ததை ஆங்கிலத்தில் எழுதுவது பழக்கத்தில் வந்துவிடும்.

வேலை பற்றியும் நேராகவே சொல்கிறேன். கோர் கம்பெனிகளில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் ஐ.டி.யைவிடக் குறைவு. வீட்டு நிலைமைக்காக ஐ.டி.க்குப் போகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியாது. கட்டிய ஃபீஸுக்கு முழுப் பலன் கிடைக்கும் ஒரே இடம் அது. ஓடாத இயந்திரம் ஒன்றை நீங்களே செய்து, ஏன் ஓடவில்லை என்று விளக்குங்கள். நேர்காணலில் என் எதிரே உட்காருபவர் அப்படி விளக்கினால், மதிப்பெண் பட்டியலை நான் அப்புறம்தான் பார்ப்பேன்.

உங்கள் ஊரிலும் ஒரு லேத் பட்டறையோ மோட்டார் ரீவைண்டிங் கடையோ கட்டாயம் இருக்கும். இந்த செமஸ்டர் விடுமுறையில் அங்கே போய், “அண்ணா, கொஞ்ச நாள் கூட இருந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். ஒரு வெர்னியரும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.