உயிரணுவின் தற்செரிப்பும் மரணமும்

பட்டினிக்கு ஆளான உயிரணு, தன் பாகங்களையே சவ்வுப் பைகளில் பொதிந்து, லைசோசோம் என்னும் ஜீரண அறைக்கு அனுப்பிச் செரித்துக்கொள்ளும் ஆட்டோபேஜி, அதாவது தற்செரிப்பு, என்ற கிரியையைப் பற்றி, ஆராயாமல் ஏற்ற அபிப்பிராயங்கள் சில நம்மிடையே நிலவுகின்றன.

நம்பிக்கை: அது உயிரணுவின் தற்கொலை.

உண்மை: 1963-இல் கிறிஸ்தியான் டி டுவ் பெயரிட்ட இக்கிரியை பெரும்பாலும் ஜீவரட்சணையின் பொருட்டே நிகழ்கிறது. பிறந்தவுடன் நஞ்சுக்கொடி வழி வந்த போஷணை நின்றுவிட, எலிக்குட்டியின் இதயத்திலும் தசைகளிலும் அது மும்முரமாகிறது. 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், பாலின்றி வைக்கப்பட்ட குட்டிகளுள், இதற்கு இன்றியமையாத ஏ.டி.ஜி.5 மரபணு இல்லாதவை மற்றவற்றுக்கு வெகு முன்பே மடிந்தன.

நம்பிக்கை: இறக்கும் உயிரணுவில் இப்பைகள் மலிந்திருப்பதால், அவையே அதைக் கொன்றன.

உண்மை: சாவு நேர்ந்த வீட்டில் வைத்தியர் நின்றார் என்பதற்காக அவரையே கொலையாளி என்று கொள்வது நியாயமன்று. 1972-இல் கெர், வைலி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்ட திட்டமிட்ட மரணத்தில், உயிரணுவின் புரதங்களைத் துண்டித்து அழிப்பவை காஸ்பேஸ் என்னும் நொதிகள். பைகளோ பல சமயங்களில் பிழைப்பதற்கான இறுதிப் பிரயத்தனத்தின் சின்னங்கள். பழ ஈயின் புழுப்பருவ உமிழ்நீர்ச் சுரப்பி அழிகையில் தற்செரிப்பும் பங்கு கொள்வது உண்மையே. எனினும் விசேஷ நிகழ்ச்சி ஒன்றைப் பொது விதியாக்கலாகாது.

நம்பிக்கை: அப்படியாயின் தற்செரிப்பும் திட்டமிட்ட மரணமும் சம்பந்தமற்றவை.

உண்மை: மரணத்தைத் தடுக்கும் பி.சி.எல்-2 புரதமே, தற்செரிப்பைத் தொடங்கிவைக்கும் பெக்லின்-1 புரதத்தைப் பற்றி நிறுத்துகிறது. பட்டினியில் அந்தப் பிடி தளர, தற்செரிப்பு ஆரம்பமாகிறது. சேதம் எல்லை கடந்து காஸ்பேஸ்கள் விழித்தெழுமாயின், அவை பெக்லின்-1-ஐயே வெட்டி, மீட்சியின் மார்க்கத்தை அடைத்துவிடுகின்றன.

நம்பிக்கை: உபவாசத்தால் தற்செரிப்பைத் தூண்டினால் புற்றுநோய் அழியும்.

உண்மை: தொடக்கத்தில் புற்றைத் தடுக்க உதவும் இதே கிரியை, வேரூன்றிய கட்டியின் உயிரணுக்களுக்கு வறுமைக்கால ஆகாரமாகிவிடக் கூடும், ஆதலால்தான் லைசோசோமை முடக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மருந்தைச் சிகிச்சையோடு சேர்த்து மருத்துவர் பரீட்சித்து வருகின்றனர். உயிரணுவைப் பிழைக்கவைக்கும் சக்தி நோயுற்ற உயிரணுவையும் பிழைக்கவைக்கும் என்பதை உணர்ந்து, உபவாசத்தை நம்பிச் சிகிச்சையை ஒத்திப்போடாதிருக்க நோயாளரையும் அவர்தம் சுற்றத்தாரையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.