மொட்டை மாடியில் அளந்த பின்பே கையொப்பம்

இந்தியாவில் ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட பிறகு, தெருவைத் தோண்டி ஒளியிழை வடம் பதிக்காமலேயே வீடுகளுக்கு இணையம் வழங்கும் முறை வேகமாகப் பரவியது. ஏர்டெல் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும், ஜியோ நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களிலும் ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் இச்சேவையைத் தொடங்கின. செல்போன் கோபுரத்திலிருந்து வரும் வானலையை மொட்டை மாடியிலோ சன்னலுக்கு வெளியிலோ பொருத்தப்படும் ஓர் ஏற்பிக் கருவி பெற்று, வடம் வழியாக வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு அனுப்ப, அங்கிருந்து அது வைஃபையாக அறைகளுக்குப் பரவுகிறது. கோபுரத்துக்கும் மாடிக்கும் இடைப்பட்ட வான்வெளியே இங்கு வடத்தின் வேலையைச் செய்கிறது. ஆகவே அந்த வெளியின் தன்மையை அறியாமல் ஓராண்டுக்கு முன்பணம் கட்டுவது, கிணற்றில் நீர் உண்டா என்று பாராமல் மோட்டார் வாங்குவதற்கு ஒப்பாகும். அப்படி வாங்குவோர் பலரை வழிநடத்துபவை, பாதி உண்மையாக இருப்பதாலேயே ஆபத்தாகிவிட்ட சில நம்பிக்கைகளாகும்.

‘வரைபடத்தில் நிறம் இருக்கிறது, வீட்டிலும் சேவை இருக்கும்’

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகள், ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எங்கெங்கு கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கின. இது நுகர்வோருக்குக் கிடைத்த நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகைய வரைபடங்கள் பெரும்பாலும் கோபுரத்தின் உயரம், அலைவரிசை, நிலத்தின் மேடுபள்ளம், கட்டடங்களின் அடர்த்தி ஆகியவற்றைக் கணினியில் இட்டுக் கணித்துப் பெறப்படுபவை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அளந்து வரையப்பட்டவை அல்ல. தெருவின் திறந்த வெளியில் சிக்னல் கிடைக்கும் என்பதை அவை சொல்லக்கூடும். அந்தத் தெருவில் நான்கு மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் ஓட்டு வீட்டின் நிலையைச் சொல்ல அவற்றால் இயலாது.

இந்தியாவில் 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படுவது 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைக்கற்றை. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 350 கோடி முறை அதிரும் வானலை. இதன் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர்தான். அலைநீளம் குறையக் குறையத் தடைகளைச் சுற்றி வளைந்து செல்லும் திறனும் குறைகிறது என்பதால், பழைய 900 மெகாஹெர்ட்ஸ் அலை நுழைந்த அறைக்குள் இந்த அலை நுழையாமல் போகலாம். கான்கிரீட் சுவரும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசப்பட்ட கண்ணாடியும், மாடியில் போடப்பட்ட தகரக் கொட்டகையும் இந்த அலைக்குப் பெருந்தடைகள். இலைகளில் நீர் இருப்பதால் மரமும் ஒரு தடையே. மாசியில் இலை உதிர்த்து நிற்கும் வேம்பு பங்குனியில் தழைத்த பின், அதே மாடியில் அதே கருவி முன்பைவிடக் குறைந்த வலுவில் சிக்னலைப் பெறக்கூடும். வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே இன்று வெற்று மனையாகக் கிடக்கும் இடத்தில் நாளை அடுக்குமாடி எழலாம் என்பதையும் ஓராண்டு ஒப்பந்தம் எடுப்போர் கணக்கில் கொள்வது நல்லது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது என்று கருதுவது இயல்பு. ஆனால் வானலை நூல் போன்ற நேர்கோட்டில் மட்டும் பயணம் செய்வதில்லை. இரு முனைகளுக்கும் இடையே, நடுவில் பருத்து ஓரங்களில் குறுகும் சுரைக்காய் போன்ற ஒரு வெளி அதற்குத் தேவைப்படுகிறது. பிரான்சு நாட்டு இயற்பியலாளர் ஃப்ரெனெல் பெயரால் இது ஃப்ரெனெல் மண்டலம் எனப்படும். கோபுரம் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்த மண்டலத்தின் ஆரம் நடுப்பகுதியில் ஏறத்தாழ நாலரை மீட்டர் ஆகும். பார்வைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தென்னந்தோப்பு, கோபுரத்தை மறைக்காவிட்டாலும் சிக்னலை நலியச் செய்வதற்குக் காரணம் இதுவே.

அருகிலுள்ள கோபுரங்கள் எவை என்பதை அறிய, மத்திய அரசு 2017இல் தொடங்கிய ‘தரங் சஞ்சார்’ இணையதளம் உதவுகிறது. கோபுரங்களின் கதிர்வீச்சு விவரங்களைப் பொதுமக்கள் அறிவதற்காக அமைக்கப்பட்டதாயினும், எந்தத் திசையில் எந்தக் கோபுரம் இருக்கிறது என்பதைக் கண்டு, ஏற்பிக் கருவியை மாடியின் எந்த மூலையில் வைக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்க அது பயன்படும்.

‘அலைபேசியில் எல்லாக் கோடுகளும் தெரிகின்றன’

அலைபேசித் திரையின் மேல் ஓரத்தில் தெரியும் கோடுகள் அளவுகோல் அல்ல. எத்தனை வலு இருந்தால் எத்தனை கோடு காட்ட வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லாததால், ஒரே மேசைமேல் வைக்கப்பட்ட இரு நிறுவன அலைபேசிகள், ஒரே சிக்னலுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் கோடுகளைக் காட்டலாம். 5ஜி என்ற எழுத்தும் அப்படியே. 4ஜி கட்டமைப்பின்மேல் சாய்ந்து இயங்கும் வகை 5ஜியில், அலைபேசி அந்த நேரத்தில் 4ஜி அலையை மட்டுமே பயன்படுத்தினாலும், பக்கத்தில் 5ஜி கிடைக்கக்கூடும் என்ற அறிவிப்பை வைத்தே திரை சில வேளைகளில் அவ்வெழுத்தைக் காட்டிவிடுகிறது.

உண்மையான அளவு டெசிபலில் தரப்படுகிறது. பல ஆண்ட்ராய்டு அலைபேசிகளில் அமைப்புகள் பகுதிக்குள் சென்று, அலைபேசி பற்றிய விவரங்களில் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் வலு என்ற இடத்தில் ஒரு கழித்தல் எண் தெரியும். சுழியத்துக்கு நெருங்க நெருங்க வலு கூடுகிறது என்பதால், கழித்தல் 85 என்பது கழித்தல் 110ஐ விடச் சிறந்தது. பொதுவாகக் கழித்தல் 80 வரை மிக நல்ல நிலை என்றும், கழித்தல் 100ஐத் தாண்டினால் ஐயத்துக்குரியது என்றும், கழித்தல் 110க்கு அப்பால் நம்பத்தகாதது என்றும் கொள்ளலாம். இந்த அளவு கூட்டல் கணக்கில் நடப்பதில்லை. ஒவ்வொரு 10 டெசிபலும் பத்து மடங்கு வேறுபாடு. கூடத்துச் சோபாவில் கழித்தல் 112 காட்டிய அலைபேசியை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியின் மறைவிலிருந்து விலக்கி, கோபுரம் இருக்கும் பக்கத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வைக்கும்போது கழித்தல் 88 காட்டுமானால், அங்கு வந்து சேரும் ஆற்றல் கூடத்தில் கிடைத்ததைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு ஆகும். பத்துப் பன்னிரண்டு அடி நகர்ந்ததற்கே இத்தனை மாற்றம் நிகழலாம்.

இதனால் இந்த நம்பிக்கையின் மறுபக்கமும் பிழையாகிறது. அறைக்குள் அலைபேசி தடுமாறுகிறது என்பதற்காகக் கம்பியில்லா வீட்டு இணையமே பயன்படாது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாடியில் பொருத்தப்படும் கருவியின் ஏற்பி, சட்டைப்பையில் அடங்கும் அலைபேசியின் ஏற்பியைவிடப் பெரியது, ஒரே திசையை நோக்கி நிற்பது, சுவர்களுக்கு வெளியே இருப்பது. ஒதுக்கவும் ஏற்கவும் அடிப்படையாக வேண்டியது அளவீடு ஒன்றே.

வலுவோடு தூய்மையையும் பார்க்க வேண்டும். வேண்டிய சிக்னல், பிற கோபுரங்களின் இடையூற்றையும் இரைச்சலையும்விட எத்தனை டெசிபல் ஓங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் எஸ்.ஐ.என்.ஆர். எனப்படுகிறது. சந்தையில் பேசும் இருவருள் ஒருவரின் குரல் எவ்வளவு உரக்க ஒலித்தாலும், சுற்றியுள்ள கூச்சல் அதற்கு இணையாக இருந்தால் சொல் விளங்காது. வலு கழித்தல் 85 இருந்தும் இந்த எண் சுழியத்தை ஒட்டி நிற்குமானால் வேகம் கிடைக்காது. 20க்கு மேல் இருந்தால் கவலையில்லை. நிறுவ வரும் பணியாளரிடம் இவ்விரு எண்களையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நுகர்வோரின் உரிமை.

‘மழை வந்தால் இணையம் போய்விடும்’

இது பெரும்பாலும் டிடிஎச் தொலைக்காட்சி அனுபவத்திலிருந்து வந்த நம்பிக்கை. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையை மழைத்துளிகள் மிகச் சிறிதளவே நலியச் செய்கின்றன. 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை பயன்படும் இடங்களில்தான் கனமழை ஒரு கிலோமீட்டருக்குச் சில டெசிபல்களைத் தின்றுவிடுகிறது. மழைநாளில் இணையம் போவதற்கு மின்தடை காரணமாக இருக்கலாம். ரவுட்டரும் மாடிக் கருவியும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

‘வேகச் சோதனை ஒருமுறை செய்தாயிற்று’

காலை பதினோரு மணிக்குச் செய்யப்படும் ஒரே சோதனை, காலியான பேருந்தைப் பார்த்து அந்த வழித்தடத்தில் நெரிசலே இல்லை என்று முடிவுசெய்வது போன்றது. கோபுரத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு குறிப்பிட்ட திசையிலுள்ள வீடுகளுக்கும் அலைபேசிகளுக்கும் சேர்த்தே அலையை வழங்குகிறது. அதன் மொத்தக் கொள்ளளவை அந்நேரத்தில் பயன்படுத்தும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே இரவு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, வார நாள் ஒன்றிலும் ஞாயிறு ஒன்றிலும், அதே நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள அலைபேசியை மாடியில் வைத்துச் சோதிப்பதே பயனுள்ள முறை. டிராய் வெளியிட்டுள்ள ‘மைஸ்பீட்’ செயலியை இதற்குப் பயன்படுத்தலாம்.

அப்போது பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இறக்கமும் ஏற்றமும் ஒரே அலையை நேரம் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. அந்த நேரத்தில் பெரும்பங்கு இறக்கத்துக்கே ஒதுக்கப்படுகிறது. படம் பார்க்கும் குடும்பத்துக்கு இது குறையாகத் தெரியாது. காணொளி வழியாகப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கோ கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கும் கடைக்காரருக்கோ இதுவே முதன்மையான குறை.

விளம்பரத்தில் ‘நொடிக்கு 100 மெகாபிட் வரை’ என்று எழுதப்பட்டிருக்கும்போது, அந்த வாக்கியத்தின் பொருள் ‘வரை’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அது உச்சத்தைச் சொல்கிறதே தவிர உறுதியைச் சொல்லவில்லை. இந்திய அரசு 2023 ஜனவரியில் திருத்திய வரையறையின்படி, நொடிக்கு 2 மெகாபிட் வேகம் இருந்தாலே அது அகன்ற அலைவரிசை இணைப்பு என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

‘ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் லாபம்’

இதை எண்களால் பார்ப்பது நல்லது. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பரில் அறிமுகமானபோது, மாதம் 599 ரூபாய்த் திட்டத்தை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ எடுக்கலாம் என்றும், ஓராண்டுக்கு எடுப்போருக்கு 1,000 ரூபாய் நிறுவல் கட்டணம் இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது. 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 4,241 ரூபாயும் ஓராண்டுக்கு 8,482 ரூபாயும் ஆகும். அதாவது 1,000 ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக 4,241 ரூபாய் முன்கூட்டியே ஒப்படைக்கப்படுகிறது. அளவீடு நன்றாக இருந்து, அண்டை வீட்டார் ஓராண்டு பயன்படுத்தி நிறைவாகச் சொல்லும் இடத்தில் இது லாபம்தான். அளக்கப்படாத மாடியில் இது பந்தயப் பணம். விலைகள் மாறும், கணக்கு மாறாது.

முன்பணத்தை இடையில் திரும்பப் பெற முடியுமா, கருவி நிறுவனத்துக்குச் சொந்தமா வாடிக்கையாளருக்குச் சொந்தமா, வீடு மாறினால் புதிய முகவரியில் சேவை இல்லாதபோது என்ன நடக்கும், மாத அளவு தீர்ந்தபின் வேகம் எதுவாகக் குறைக்கப்படும் ஆகிய நான்குக்கும் எழுத்தில் பதில் பெற வேண்டும். வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்ற உறுதிமொழி பின்னர் எங்கும் செல்லாது.

கையெழுத்திட்டுவிட்டால் வேறு வழியே இல்லை என்பதும் உண்மை அன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மிகையான வைப்புத்தொகை, இழப்புக்குப் பொருந்தாத அபராதம் போன்றவை கொண்ட உடன்படிக்கையை நேர்மையற்ற ஒப்பந்தம் என்று வரையறுத்து, அதை மாநில நுகர்வோர் ஆணையத்தில் கேள்விக்குள்ளாக்க வழிசெய்கிறது. தொலைத்தொடர்புச் சேவை குறித்த புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தது. டிராய் தனிநபர் புகார்களைத் தீர்த்துவைப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்திலும், அடுத்து அதன் மேல்முறையீட்டு அமைப்பிலும் முறையிட்டு, ஒவ்வொரு முறையும் புகார் எண்ணைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவ்வழிகள் யாவும் மாதங்களைக் கேட்பவை; நிறுவல் நாளின் அரைமணி நேரம் அவற்றைத் தேவையற்றதாக்கக்கூடும். பணியாளர் மாடியிலிருந்து இறங்கும் முன், மடிக்கணினியை வைஃபையில் இணைக்காமல் வடத்தால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்துச் சோதித்து, வேகத்தையும் சிக்னலின் இரு எண்களையும் நிறுவல் படிவத்தில் எழுதச் செய்து, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் பொருந்தவில்லையானால் அங்கேயே, அப்போதே, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.