களைநெல்லும் பிற களைகளும்: விதைப்பதற்கு முன்னரே வெல்லும் வழி



பயிருக்கு உரிய பசளையையும் நீரையும் வெயிலையும் களை பங்கிட்டுக்கொள்கிறது. களை முளைத்தபின் மருந்தைத் தேடுவதே நம்மிற் பலரது வழக்கமாகிவிட்டது. ஆயின், ஒரே மருந்தைப் போகந்தோறும் தெளித்துவரின், அதற்கு மடியாத சில செடிகள் எஞ்சி, விதையுதிர்த்துப் பெருகும். நெற்சப்பிப் புல் புரோப்பனில் என்னும் மருந்துக்கு மடியாது நிற்பது 1990ஆம் ஆண்டுகளிலேயே இலங்கையில் அறியப்பட்டது. ஆதலால், களை முளைத்து வளர இடங்கொடாதிருத்தலே முதன்மையான வழியாகும்.

மலிந்த விதையால் வந்த கேடு

ஒரு கமக்காரர் என்னைத் தமது வயலுக்கு அழைத்தார். "ஐயா, நெல்லுக்கு மேலே வேறு நெல் நிற்கிறது, கைபட்டால் மணி உதிர்கிறது" என்றார். அது களைநெல். இஃது நெல்லின் இனமேயாகையால், வழக்கமான நெற்பயிரிடையே வளர்ந்துவிட்டபின் இதை மட்டுங் கொல்லும் மருந்து இல்லை. இதன் மணிகள் அறுவடைக்கு முன்னரே உதிர்ந்து, மண்ணில் உறங்கிக் கிடந்து, பின்வரும் போகங்களில் முளைக்கும்.

அவர் குறைந்த விலைக்கு வாங்கிய விதைநெல்லில் மீந்திருந்த ஒரு கைப்பிடியை உமி நீக்கிப் பார்த்தோம். வெள்ளையரிசி இனத்தின் நடுவே செந்நிற மணிகள் கிடந்தன. விதையில் மீதப்படுத்திய பணம், களைபிடுங்கும் கூலிக்கும் போதவில்லை.

வயலிற் செய்யவேண்டியவை

1. விதை: உறுதிப்படுத்திய விதைநெல்லையே வாங்குக. சொந்த விதையாயின், சிறிதளவு உமி நீக்கிச் சோதிக்குக. பின்னர், புதிய முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் விதையை இட்டு, மிதக்கும் பதரையும் களைவிதையையும் அகற்றுக. அமிழ்ந்த நெல்லை நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவிய பின்னரே ஊறவைக்க வேண்டும்.

2. உழவு: முதல் உழவின் பின் வயலை ஈரமாக வைத்து, இரண்டு கிழமை பொறுத்திருக்குக. இக்காலத்தில் நீரைத் தேக்கலாகாது. தேக்கினால் களை முளையாது ஒளிந்துகொள்ளும். முளைத்தவற்றை இரண்டாம் உழவில் சேற்றில் அமிழ்த்தி அழுகவிடுக. களைநெல் மிகுந்த வயலில் இதனை இருமுறை செய்தல் நன்று.

3. மட்டமும் நீரும்: மேடான இடத்தில் நீர் நில்லாது, அங்கேதான் நெற்சப்பி முதலில் தலைகாட்டும். ஆகவே, வயலைச் செம்மையாக மட்டப்படுத்துக. விதைத்த நாற்று வளர வளர நீரைச் சிறிது சிறிதாக ஏற்றி, 5 சதமமீற்றர் அளவில் நிறுத்துக. புல்விதைகள் பல இந்நீரின்கீழ் முளையா.

4. நடுகை: களைநெல் கண்ட வயலில் வீசி விதைத்தலை விட்டு, வரிசையாக நடுக. வரிசைக்கு வெளியே நிற்கும் நெல் யாவும் ஐயத்துக்குரியது, பிடுங்கிவிடலாம். நட்ட 10 முதல் 14 நாளில் சுழல் களைகட்டியை வரிசையிடையே தள்ளுக. இரு கிழமையின் பின் மீண்டுந் தள்ளுக. முதல் ஒரு மாதத்துக் களையே விளைச்சலைப் பெரிதுங் குறைப்பதாகும்.

5. காவல்: வரம்பிலும் வாய்க்காலிலும் நிற்கும் களைகளைப் பூக்குமுன் வெட்டுக. அறுவடை இயந்திரம் பிற வயலிலிருந்து வரும்போது, அதனைத் துப்புரவு செய்த பின்னரே உள்ளே விடுக.

நெற்சப்பியை அறிவது எளிது. நெல்லின் இலை தண்டைச் சேருமிடத்தில் நாக்குப்போன்ற மெல்லிய சவ்வு உண்டு. நெற்சப்பிக்கு அஃது இல்லை.

மரக்கறித் தோட்டத்தில்

நன்கு மக்காத மாட்டெரு களைவிதையைச் சுமந்து வரும். மக்கிய எருவையே இடுக. மிளகாய், கத்தரிப் பாத்திகளில் செடிகளிடையே வைக்கோலைப் பரப்பினால், வெயில் மறைந்து களை குன்றும். மண்ணின் ஈரமுங் காக்கப்படும். கோரையை மேலே செருக்கினால் கிழங்கிலிருந்து மீண்டும் முளைக்கும். கோடையில் ஆழ உழுது, கிழங்குகளை வெயிலிற் காயவிட்டுப் பொறுக்கியெடுக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று களையை ஒழித்துவிடாது. யாவும் ஒன்றுசேரப் போகந்தோறும் தொடர்ந்து செய்யப்படின், மண்ணிலுள்ள களைவிதை படிப்படியாகக் குறையும். ஒரு களை விதையுதிர்க்க விடுவது பல போகத்து வேலையை வரவழைப்பதாகும். ஐயமேற்படின், அச்செடியை வேரோடு பிடுங்கி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.