பேஷன்ட் வராத நாள்

கேள்வி: என் மகள் பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு. நன்றாகப் படிப்பவள். இப்போது ராத்திரி தூங்காமல் அழுகிறாள். கேட்டால், “பேஷன்ட் வரலைம்மா” என்கிறாள். இதற்கா அழுவார்கள்?
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: இதற்குத்தான் அழுவார்கள், அம்மா. முதல் இரண்டு வருஷம் மெழுகில் பல் செதுக்கி, பொம்மைத் தலையில் கை பழகியவர்கள், மூன்றாம் ஆண்டில் உயிருள்ள வாய்க்கு முன்னால் நிறுத்தப்படுகிறார்கள். அதோடு கோட்டாவும் சேர்கிறது: இத்தனை பல் பிடுங்கல், இத்தனை அடைப்பு, இத்தனை பல்செட் முடித்தாக வேண்டும் என்ற கணக்கு. ஒரு முழு பல்செட்டுக்கு அச்செடுப்பதில் தொடங்கி, மாட்டிப் பார்ப்பதுவரை பேஷன்ட் நாலைந்து தடவையாவது வர வேண்டும். மூன்றாம் தடவை அந்தத் தாத்தா ஊருக்குப் போய்விட்டால், வேறொருவரைத் தேடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பஸ் காசு கொடுத்துப் பேஷன்ட்டை வரவழைக்கும் மாணவர்கள் உண்டு. பேஷன்ட் எதிரிலேயே திட்டும் ஆசிரியர்களும் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

பரீட்சை, ஃபீஸ், கருவிச் செலவு, “எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?” என்று கேட்கும் உறவினர்கள் எல்லாம் இதற்கு மேலே.

கோட்டா விஷயத்தைத் துறைத் தலைவரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் பேசிப் பயனில்லை. வீட்டில் மார்க் பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தொலைபேசி வழி மனநல உதவியான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.