குமட்டலை முந்தும் மருந்து

சென்னையில் வேதிச்சிகிச்சை பெற்றுக் குத்தாலம் திரும்பும் புற்றுநோயாளிக்கு உண்மையான சோதனை பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்குகிறது. மருந்து ஏற்றிய நாள் ஒருவாறு கழிந்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாள்களிலோ உலையில் சோறு கொதிக்கும் மணமே குடலைப் புரட்டும். நெல் விளையும் மண்ணில் பிறந்தவருக்குச் சோற்றின் மணம் பகையாவது சிறு துன்பம் அன்று. ஆறிய தயிர்ச்சோறு அப்போது எளிதாக இறங்குவதற்கு அதன் மணக்குறைவே காரணம்.

1954 இல் மருத்துவர் முத்துலெட்சுமியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றபோது, இத்துன்பத்தைத் தடுக்க இன்று முதன்மையாகப் பயன்படும் மருந்துகளுள் எதுவும் புழக்கத்தில் இல்லை. 1978 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிஸ்பிளாட்டின் பல உயிர்களைக் காத்தது. ஆயினும் தடுப்பு மருந்தின்றி அதைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ அனைவரும் வாந்தி எடுத்தனர். அதற்கு அஞ்சிச் சிகிச்சையையே கைவிட்டோரும் உண்டு.

வாந்தி வயிற்றின் குற்றமன்று. உடலின் காவல் முறை. வேதிமருந்து சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சில உயிரணுக்களைத் தாக்குகிறது. அவை செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது வேகஸ் நரம்பு முனைகளிலுள்ள ஏற்பிகளில் பொருந்த, செய்தி முகுளத்தை அடைகிறது. நஞ்சு புகுந்துவிட்டதாகக் கருதும் மூளை, அதை வெளியேற்றப் பணிக்கிறது. 1991 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒன்டான்செட்ரான், செரோட்டோனினை முந்திக்கொண்டு அந்த ஏற்பிகளில் அமர்ந்துவிடுகிறது. அதனால்தான் குமட்டல் வந்தபின் அன்றி, சிகிச்சை தொடங்குவதற்குச் சுமார் அரைமணி நேரம் முன்பே அது தரப்படுகிறது.

ஆனால் முதல் நாளுக்குப் பின் வரும் குமட்டலில் 'பொருள் பி' என்னும் மற்றொன்றின் பங்கு மிகுதி. அதைத் தடுக்கும் அப்ரிபிட்டன்ட் 2003 இல் வந்தது. டெக்சாமெத்தசோன் இவற்றோடு துணை நிற்கிறது.

மனநோய்க்குரிய ஒலான்சபினும் பின்னர் இப்பணிக்கு வந்தது. வழக்கமான 10 மில்லிகிராம் அளவு குமட்டலை அடக்கினாலும், பகலிலும் தூக்கம் கண்களை அழுத்தியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 2.5 மில்லிகிராம் கொடுத்து ஒப்பிட்டனர். 2024 இல் வெளியான அவ்வாய்வில், வாந்தியைத் தடுப்பதில் கால் பங்கு அளவு முழு அளவுக்குப் பின்தங்கவில்லை. பகல் தூக்கமோ வெகுவாகக் குறைந்தது. இம்மாத்திரையைப் பெரும்பாலும் இரவில் விழுங்கச் சொல்கின்றனர். விடிந்ததும் வயலுக்குச் செல்பவர் தெளிவோடு எழ வேண்டுமல்லவா?