ஒரு பீசுக்கு எத்தனை நிமிடம்?



கோவைப் பட்டறைகளில் பம்பு, மோட்டார் பாகங்கள் செய்யும் மில்லிங் வேலைக்கு நம் பெண்களும் போகிறார்கள். மில்லிங் என்றால் மாவு மில் இல்லைங்க. சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்குவது. "பீஸ் கணக்குல கூலி. மிஷினை வேகமா ஓட்டினா கூடக் கிடைக்குமா?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். முதலில் கணக்குப் போடுவோம்.

ஒரு பீசுக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வெட்ட 3 நிமிடம். மாட்ட, சரிபார்க்க, கழற்ற 3 நிமிடம். மணிக்கு 10 பீஸ்.

1. மாட்டும் நேரம்: வைஸில் ஒரு ஸ்டாப்பர் பொருத்தினால் எல்லாப் பீசும் ஒரே இடத்தில் உட்காரும். ஒவ்வொரு தடவையும் இடம் பார்த்துச் சரிசெய்ய வேண்டாம். 3 நிமிடம் 1 ஆனால், மணிக்கு 15 பீஸ். மிஷின் வேகத்தைத் தொடவே இல்லை!

2. கட்டர்: ஹெச்.எஸ்.எஸ். கட்டர் அதிக சூட்டில் மழுங்கிவிடும். கார்பைடு இன்செர்ட் கட்டர் சூடு தாங்கும். சாதா இரும்பில் 3, 4 மடங்கு வேகத்தில் ஓட்டலாம். மழுங்கினால் இன்செர்ட்டைத் திருப்பி அடுத்த முனையை வைக்கலாம். ஆனால் மிஷின் ஆடினாலோ, பீஸ் இறுக்கமாக இல்லாவிட்டாலோ இன்செர்ட் உடையும், பீசும் வீணாகும். மேஸ்திரியிடம் கேட்டே வேகம் கூட்டுங்கள்.

3. மிச்சம் பிடிக்கக் கூடாத நேரம்: கட்டர் சுற்றும்போது அளக்காதீங்க. கையால் சீவலைத் தள்ளாதீங்க. கையுறையோடு பக்கத்தில் போகாதீங்க, இழுத்துவிடும். மிஷின் நின்ற பிறகு பிரஷ்ஷால் தள்ளுங்கள். அரை நிமிடத்துக்காக விரலை இழக்கலாமா?

இந்த வாரம் 10 பீசுக்கு, வெட்டும் நேரம், மாட்டும் நேரம் இரண்டையும் நோட்டில் தனித்தனியாக எழுதுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் சேர்ந்து பார்ப்போம்.