வயிற்றோட்டத்துக்கு முதல் மருந்து

அன்புள்ள மகளுக்கு,

2004 டிசம்பர் 26இல் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைச் சுனாமி அடித்துப்போன பிறகு, வைத்தியர்கள் அஞ்சியது வயிற்றோட்டத்துக்குத்தான். கிணறுகளில் உப்பும் சேறும். தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் நெருங்கிக் கிடந்தார்கள். வாந்திபேதி பரவ வேறென்ன வேண்டும்? ஆனாலும் பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. பவுசரில் வந்த நல்ல தண்ணீரும், குளோரினும், அவசரமாக எழுந்த மலசலகூடங்களும் காத்தன.

சுனாமி இல்லாத நாளிலும் அந்தக் கரையில் கவனம் வேண்டும். மண் மணல், ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும். மாரியில் நிலத்தடி நீர் மேலேறினால் குழிக் கழிவு கிணற்றுக்குக் கசியும். சிகெல்லா, சல்மொனெல்லா போன்ற பக்டீரியாக்கள் வயிற்றுக்குள் போகும் வழிகளில் அதுவும் ஒன்று. கொதித்தாறிய நீரே குடிக்க ஏற்றது.

நோய் வந்துவிட்டால்? 1971இல் வங்காளதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்காளத்தின் பொங்கானில், வாந்திபேதிக்கு நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. டொக்டர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்த நீரைக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். உறவினர்களே பிடித்துப் பருக்கினார்கள். 100க்கு 30 என்றிருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது.

காரணம் எளிது. நோய்ப்பட்ட சிறுகுடலும் குளுக்கோஸோடு உப்பைச் சேர்த்து உறிஞ்சும். பின்னாலேயே நீரும் போகும். நம் பாமசிகளில் கிடைக்கும் ஜீவனிப் பொடியும் இதே வகைக் கலவைதான். பைக்கற்றில் சொன்ன அளவு நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்; கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பிள்ளைக்குத் தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தவே கூடாது. வைத்தியர் 10 முதல் 14 நாள் சிங்க் குளிசையும் தருவார்.

அன்டிபயோட்டிக் எல்லா வயிற்றோட்டத்துக்கும் உரியதல்ல. பல வைரஸால் வருபவை. பல தாமாகவே அடங்குபவை. இரத்தம் கலந்த வயிற்றுளைவுக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் அது தேவைப்படும். ஆனால் கண்டபடி விழுங்கினால் கிருமி பழகிவிடும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் கிளம்பிய நெருப்புக்காய்ச்சலுக்கு, வாயால் உட்கொள்ளும் மருந்துகளில் அசித்ரோமைசின் மட்டுமே மிஞ்சியது.

ஆகவே மகள், மிச்சம் கிடக்கும் அன்டிபயோட்டிக் குளிசையைத் தேடாதே; ஜீவனியைக் கரை. மலத்தில் இரத்தம் கண்டால், கண் குழி விழுந்தால், சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோ.

அன்புடன்,
மாமா